4-0 இல் இருக்கும் கிக்பொக்சர்: 10 கிழமையில் ரெஸ்லரோடு மோத விடலாமா?

கொட்டாஞ்சேனை கார்னர் | ஞாயிறு, காலை 9.40

பேர் வேண்டாம், தெரிஞ்ச ஆக்களுக்கு ஆள் ஆரெண்டு விளங்கும். 24 வயது, 61.2 கிலோ, கே-1 விதியில (குத்து, உதை, முழங்கால் மட்டும், விழுத்தல் இல்லை) ஆறு வருசக் கிக்பொக்சிங். எம்எம்ஏ-வில (அடியும் பிடியும் விழுத்தலும் கலந்த விளையாட்டு) நாலு சண்டை, நாலும் வெற்றி. போன கிழமை எல்லாற்ற ஃபோனிலயும் சுத்தின வீடியோ அந்த நாலாவது சண்டைதான். காஃப் கிக் (கெண்டைக்காலுக்கு உதை) போட்டுப் போட்டு எதிராளியின்ர முன்னங்காலை நொண்ட வச்சு, மூண்டாம் ரவுண்டில ஈரலுக்கு ஒரு இடது ஹூக்கோட முடிச்சான். எல்லாரும் அந்த முடிவை மட்டும் வெட்டிப் பகிருறாங்கள்.

இரண்டாம் ரவுண்டைப் பாருங்கோ. 1 நிமிசம் 40 செக்கனில அவன்ர வலது பொடி கிக் (உடம்புக்கு உதை) பிடிபடுது. அங்கயிருந்து கேஜ் (சுத்தியிருக்கிற கம்பி வலை) வரைக்கும் ஒரே தள்ளு, பிறகு சிங்கிள் லெக் (ஒரு காலைப் பிடிச்சு இழுக்கிறது), விழுத்தல். எழும்ப 2 நிமிசம் 10 செக்கன் போச்சு. எதிராளி ஜூஜிட்சு (தரையில பிடிபடுற சண்டை) ஆள். ரெஸ்லிங் படிக்காத ஒருத்தன் கீழ வச்சிருந்த நேரமே அவ்வளவு.

இப்ப வெளிநாட்டு ஷோ ஒண்டில இருந்து 10 கிழமையில சண்டை கேட்டு வந்திருக்கு. எதிராளி ஃப்ரீஸ்டைல் ரெஸ்லிங்கில வளந்தவன். நான் சொல்லுறன், வேண்டாம். ஒரு வருசம் ரெஸ்லிங்கை அடியில இருந்து படிக்கட்டும். கிக்பொக்சிங்கில இருந்து எம்எம்ஏ-க்குப் போன அலெக்ஸ் பெரெய்ராவையே எடுங்கோ. 2015 இல எம்எம்ஏ-க்கு இறங்கின முதல் சண்டையிலயே பின்னால கழுத்து நெரிபட்டுத் தோத்தவர். யூஎஃப்சி-க்கு (உலகத்தின்ர பெரிய எம்எம்ஏ ஷோ) வந்தது 2021 நவம்பரில. அவசரப்படாம வந்தபடியாத்தான் சரியா ஒரு வருசத்தில அடேசான்யாட்ட இருந்து மிடில்வெயிட் பெல்ட்டை எடுத்தார்.

பின்னங்கால் | ஞாயிறு, காலை 10.15

அண்ணை, பெரெய்ராட 2015க்கும் 2021க்கும் இடையில இருந்த ஆறு வருசத்தை நீங்க பிழையா வாசிக்கிறீங்க. 2016 நடுப்பகுதியில இருந்து 2020 நவம்பர் வரைக்கும் பெரெய்ரா எம்எம்ஏ சண்டையே போடல்ல. அந்தக் காலம் முழுக்க குளோரியில கிக்பொக்சிங்தான், ரெண்டு எடைப்பிரிவில சாம்பியன். ஒருத்தரும் அவரை ஒரு மூலையில வச்சு ரெஸ்லிங் படிப்பிச்சு எடுக்கல்ல. பிறகு பழைய யூஎஃப்சி சாம்பியன் குளோவர் டெஷைராவோட சேர்ந்து செஞ்சது ஒரு வேலைதான்: விழாம இருக்கிறது, விழுந்தா பதறாம இருக்கிறது, திரும்ப எழும்புறது.

2023 ஜூலையில பிளாஹோவிச்சோட நடந்த சண்டை அதுக்கு நல்ல சாட்சி. முதல் ரவுண்டில முதுகைக் குடுத்திட்டு நெரிபடாமத் தாக்குப்பிடிச்சார், ஸ்ப்ளிட் முடிவில (மூண்டு நடுவரில ரெண்டு பேர் அவருக்கு) வெண்டார். 2025 மார்ச்சில அங்கலாயெவ் 12 தரம் விழுத்தப் பார்த்தார், ஒண்டும் சரிவரல்ல.

பொடியனுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. எதிராளி சின்ன வயசில இருந்து ரெஸ்லிங் மேட்டில (பயிற்சி மெத்தையில) கிடந்தவன். அவனை ரெஸ்லிங்கில பிடிக்க 10 கிழமையும் காணாது, ஒரு வருசமும் காணாது. அப்ப ஏன் அந்தப் பக்கம் ஓடணும்? மாத்த வேண்டியது சின்னச் சின்னதா நாலைஞ்சு விசயம். கே-1 நிலையில முன்னங்கால் பாரமில்லாம நிக்கும், இடுப்பு உயரம், ரெண்டு பாதமும் கிட்டக் கிட்ட. அது கிக்கைத் தடுக்க நல்லது, டபுள் லெக்குக்கு (ரெண்டு காலையும் பிடிச்சு விழுத்துறது) அழைப்பு. பாதங்களை அரையடி அகட்டி, பாரத்தை ரெண்டு காலுக்கும் சமனா விட்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினா பாதி வேலை முடிஞ்சுது. தூரம் ஒரு எட்டு கூட. முன் கை தாடையில இருந்து நெஞ்சளவுக்கு இறங்கணும், எதிராளி குனிஞ்ச உடனே அவன்ட தோளிலயோ கழுத்திலயோ முட்டுக்குடுக்க. இது ஆறு கிழமை வேலை. மிச்ச நாலு கிழமை கேஜுக்கு.

கொட்டாஞ்சேனை கார்னர் | ஞாயிறு, காலை 10.52

12 தரம் தடுத்தார், சரி. சண்டையை ஆர் வெண்டது? அங்கலாயெவ். மூண்டு நடுவர்களும் அவருக்குத்தான் குடுத்தவை. அதைச் சொல்லாம விட்டால் எப்பிடி?

ஏன் தோத்தார் எண்டதுதான் பாடம். விழுத்த வருவான் எண்ட யோசனையில பெரெய்ராட கால் வழமை மாதிரி வரேல்ல. பின்னுக்கு நடந்து கொண்டே இருந்தார், முதுகு கேஜில முட்டிக்கொண்டு இருந்தது. விழாம நிண்டும் பெல்ட் போச்சு. ரெஸ்லர் உங்களை விழுத்தத் தேவையில்லை, உங்கட கிக்கைப் பூட்டி வச்சாலே காணும்.

எடையையும் பாருங்கோ. பெரெய்ரா அங்கலாயெவோட மோதினது 93 கிலோவில. அங்க ஒருத்தன் ஒரு தரம் ஷூட் பண்ணி (காலைப் பிடிக்கப் பாஞ்சு) தோத்தால் மூச்சு வாங்கத் தள்ளி நிப்பான். 61 கிலோவில அப்பிடி இல்லை. சிங்கிள் பிடிபடேல்ல எண்டால் டபுள், அதுவும் இல்லை எண்டால் இடுப்பைப் பிடிச்சு ட்ரிப் (காலை இடறுறது), திரும்பச் சிங்கிள். ஒரு நிமிசத்துக்குள்ள ஆறு முயற்சி. முதலாவதை ஸ்ப்ரோல் பண்ண (காலைப் பின்னுக்கு எறிஞ்சு தடுக்க) தெரிஞ்சவன் நாலாவதில விழுவான்.

பின்னங்கால் | ஞாயிறு, காலை 11.05

அப்ப 52 கிலோவுக்கு வாங்க. யோவானா யென்ஜெய்ச்சிக், 2015 மார்ச். கார்லா எஸ்பார்சா ரெஸ்லர், சாம்பியன். ஷூட் பண்ணிக்கொண்டே இருந்தா, கிட்டத்தட்ட எல்லாம் தடுபட்டுது, ரெண்டாம் ரவுண்டில சண்டை முடிஞ்சுது. சின்ன எடையில தடுக்க ஏலாது எண்டுறது சரியில்ல.

அதோட 2025 ஒக்டோபர் ரிமெச்சையும் சொல்லுங்க அண்ணை. முதல் ரவுண்டு, 1 நிமிசம் 20 செக்கன், அங்கலாயெவ் முடிஞ்சுது. வித்தியாசம் ஒண்டுதான். பெரெய்ரா பின்னுக்கு நடக்கல்ல, மணி அடிச்ச உடனே முன்னுக்குப் போய் கேஜில மத்தவரை முட்ட வச்சார். முதுகு கேஜில இருக்கிறவனுக்கு ஷூட் பண்ண இடமில்ல.

கொட்டாஞ்சேனை கார்னர் | ஞாயிறு, காலை 11.20

யோவானா முய் தாயில இருந்து வந்தவ. அங்க கிளின்ச் சண்டையின்ர பாதி. கழுத்தைப் பிடிக்கிறது, முன்கையால முட்டுக்குடுக்கிறது, இடுப்பை இடுப்போட ஒட்டி நிக்கிறது எல்லாம் உடம்பில ஊறியிருக்கும். எங்கட பொடியன் கே-1. அங்க பிடிச்சால் ஒரு முழங்கால் அடிக்க விடுவினம், உடனே ரெஃப்ரி பிரிச்சு விடுவார். ஆறு வருசமா "பிடிபட்டால் ஆரோ வந்து பிரிப்பினம்" எண்டு உடம்பு பழகியிருக்கு. வீடியோவில 1 நிமிசம் 50 செக்கனில அவன்ர ரெண்டு கையையும் பாருங்கோ. வேலை செய்யேல்ல, காத்துக்கொண்டு இருக்கு.

கிக்பொக்சிங்கில தோல்வியே இல்லாத ஸ்டீஃபன் தொம்சனுக்கும் 2012 ஏப்ரலில இதுதான் நடந்தது. யூஎஃப்சி-யில இரண்டாவது சண்டை. மட் பிரவுண் விழுத்தி, மேல கிடந்து அடிச்சு, புள்ளியில எடுத்தார். ஒரு சண்டை முந்திக் குடுத்திட்டினம் எண்டதுதான் என்ர வாசிப்பு.

தெமட்டகொடை மேட் | ஞாயிறு, பிற்பகல் 1.30

இரண்டு பேரும் விழுவதையும் விழாமல் இருப்பதையும் பற்றியே பேசுகிறீர்கள். நல்ல ரெஸ்லர் விழுத்தத்தான் செய்வான், ஒரு சண்டையில் இரண்டு தரமாவது. அதற்குப் பிறகு என்ன? அந்த 2 நிமிடம் 10 செக்கனை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கேஜில் முட்டியதும் அவனுடைய இரண்டு குதிகாலும் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டன. இதுதான் முதல் பிழை. கால்கள் சேர்ந்தால் எதிராளியின் கைகள் முழங்காலுக்குப் பின்னால் சுலபமாகக் கோர்த்துக்கொள்ளும். தோள் அகலத்தை விட ஒன்றரை மடங்கு அகலமாக நின்றிருந்தால் அந்தக் கைகள் சந்தித்தே இருக்காது. இரண்டாவது பிழை, இரண்டு கைகளாலும் எதிராளியின் தலையை மேலிருந்து அமுக்கினான். ஒரு கை அக்குளுக்கு அடியில் அண்டர்ஹூக்காகப் போக வேண்டும். மற்றக் கை மணிக்கட்டைத் தேட வேண்டும். கோர்த்த கைகளைப் பிரிப்பது மேலே இருக்கும் கையின் பெருவிரல் பக்கத்தில் இருந்து, உங்களுடைய இரண்டு கையாலும். நெற்றி அவனுடைய தாடைக்கு அடியில். தலையில் வென்றவன்தான் கேஜில் வெல்வான்.

விழுந்த பிறகு அவன் செய்தது இன்னும் கவலை. மல்லாந்து படுத்து, கால்களை எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டி (இதுதான் கார்ட்), அப்படியே ஓய்வெடுத்தான். மேலே இருப்பவனுக்கும் அதுவே ஓய்வு. விழுந்த முதல் 3 செக்கன் பொன்னானது, எதிராளி இன்னும் பிடியைச் சரிசெய்துகொண்டிருப்பான். அந்த நேரத்தில் இடுப்பைக் கேஜுக்கு நகர்த்த வேண்டும். மேல்முதுகு கம்பியில் சாய வேண்டும், தலை அல்ல. தலை சாய்ந்தால் கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் ஒட்டும், எழும்புவதற்கான பலம் போய்விடும். பிறகு கால்களைப் பிரிக்க வேண்டும், ஒரு முழங்காலை வெளியே மடக்கி. இரண்டு காலும் நீட்டிக் கிடந்தால் ரெஸ்லர் தன் கால்களால் அவற்றைச் சுற்றிக் கட்டிவிடுவான், அங்கேயே ரவுண்ட் முடியும். ஒரு கை இடுப்புக்குப் பின்னால் தரையில், மற்றது அண்டர்ஹூக்கில். மடக்கிய பாதத்தைப் பிட்டத்துக்கு அடியில் கொண்டுவந்து, முதுகைக் கம்பியில் தேய்த்துக்கொண்டு எழும்ப வேண்டும். நின்றதும் அண்டர்ஹூக் இருக்கும் பக்கம் திரும்பி வெளியேற வேண்டும்.

அவன் என்ன செய்தான்? 3 நிமிடம் 35 செக்கனில் பொறுமை இழந்து குப்புறத் திரும்பி முழங்காலில் எழும்பினான். எதிராளியின் ஒரு கால் இடுப்பைச் சுற்றி வந்துவிட்டது. பெரெய்ராவின் 2015 தோல்வி எந்தப் பிடியில் முடிந்ததோ அதற்கான வாசல் அதுதான். அன்றைக்குத் தப்பியது வியர்வையால். பிடி வழுக்கியது, அவ்வளவுதான்.

இந்த வியர்வையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொழும்பில் ஏசி இல்லாத ஜிம்மில் பத்து நிமிடத்துக்குள் எல்லோருடைய உடம்பும் எண்ணெய் பூசிய மாதிரி. எந்தப் பிடியில் இருந்தும் வழுக்கி வெளியே வரலாம், அது நம்முடைய திறமை என்று தோன்றும். வெளிநாட்டு அரங்கு குளிரூட்டியது. முதல் ரவுண்டில் தோல் காய்ந்திருக்கும், பிடித்தால் பிடித்ததுதான். ரெஸ்லர்களும் ஜூஜிட்சுக்காரரும் முதல் ரவுண்டிலேயே அவசரப்படுவது அதனால்தான். பயிற்சியின் முதல் 15 நிமிடத்தில், உடம்பு காய்ந்திருக்கும்போதே இந்த எழும்புதலைச் செய்ய வேண்டும். வகுப்பின் கடைசியில் செய்வதால் பிரயோசனம் குறைவு.

பத்துக்கு ஒன்பது | ஞாயிறு, பிற்பகல் 2.10

புள்ளி பற்றி ஒரு திருத்தம். விழுத்தினாலே ரவுண்ட் போய்விடும் என்ற பயம் பொடியனுக்கு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். யூனிஃபைட் விதியில் (எம்எம்ஏ-வின் பொது விதி) முதலில் பார்க்கப்படுவது தாக்கம்: அடியிலும் பிடியிலும் யார் சேதம் செய்தார், யார் முடிவை நோக்கிப் போனார் என்பது. அதில் சமன் என்றால்தான் முனைப்பு, அதிலும் சமன் என்றால்தான் இடத்தைக் கட்டுப்படுத்தியது யார் என்ற கேள்வி. சும்மா விழுத்தி, கட்டிப்பிடித்துக் கிடப்பவனை விட, நின்ற இரண்டரை நிமிடத்தில் காலை நொண்ட வைத்தவனுக்கு அந்த ரவுண்ட் போகலாம்.

மறுபக்கமும் உண்டு. 2021 மார்ச்சில் அடேசான்யா ஒரு எடைப்பிரிவு மேலே ஏறி பிளாஹோவிச்சோடு மோதினார். நாலாம், ஐந்தாம் ரவுண்டில் விழுந்து, கீழே கிடந்து அடி வாங்கினார். இரண்டு நடுவர்கள் பிளாஹோவிச்சுக்கு 49-45 கொடுத்தார்கள் (ஒரு ரவுண்டில் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு வழமையாக 9, மோசமாகத் தோற்றால் 8). கீழே கிடந்தால் மட்டும் போகாது, கீழே கிடந்து அடி வாங்கினால் 10-8 வரைக்கும் போகும்.

மேட் அக்கா சொன்ன எழும்புதலில் ஒரு விதி மாற்றம் சேர்க்க வேண்டும். முன்பு ஒரு கை தரையில் இருந்தால் தரையில் இருக்கும் ஆள் என்று கணக்கு, தலைக்கு முழங்கால் அடிக்க முடியாது. 2024 நவம்பரில் இருந்து யூஎஃப்சி-யில் கை கணக்கில் இல்லை. கையும் பாதமும் தவிர்ந்த உடம்பின் வேறொரு பகுதி தரையில் பட வேண்டும். பிட்டம் தரையை விட்டு எழும்பிய கணமே தலை திறந்திருக்கிறது. 12-6 முழங்கையும் (மேலிருந்து நேர் கீழே இறங்கும் அடி) அதே நேரத்தில் அனுமதிக்கப்பட்டது. அந்த ஷோ பழைய விதியா புதியதா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருதானை ஹெவி பேக் | ஞாயிறு, பிற்பகல் 2.45

கிக் பிடிபட்ட விசயத்த யாரும் சரியாச் சொல்லல்லயே. அதுதானே எல்லாத்துக்கும் தொடக்கம்?

பின்னங்கால் | ஞாயிறு, பிற்பகல் 3.20

சரியான கேள்வி நானா. அந்த பொடி கிக் தனியா வந்தது. முன்னால கை இல்ல, ஃபெயின்ட் (பொய் அடி) இல்ல. கே-1ல அப்பிடிப் போட்டா எதிராளி தடுப்பான், திருப்பி அடிப்பான். எம்எம்ஏ-வில அவனுக்கு அது பரிசு.

ரெஸ்லரோட பொடி கிக் எப்பவும் கடைசி அடி. ஜப் (முன் கைக் குத்து), வலது, பிறகுதான் கிக். கை மூஞ்சில இருக்கிறவன் காலைப் பிடிக்க மாட்டான். இல்லாட்டி அவன்ட முதுகு கேஜில இருந்து பாரம் குதிகால்ல இருக்கிற நேரம். போட்ட கால் பின்னுக்குத்தான் திரும்பணும். முன்னால இறக்கி வச்சா ரெண்டு காலும் ஒரே கோட்டில வரும், அதுல டபுள் லெக் சுலபம்.

காஃப் கிக் வேற கதை. முழங்காலுக்கு நாலு விரல் கீழ, வெளிப்பக்கம், நரம்பு எலும்புக்கு மேலால ஓடுற இடம். கையால பிடிக்க ஏலாத உயரம். நல்லா ரெண்டு மூண்டு பட்டா பாதம் தூக்க வராது. ரெஸ்லர் முன்னங்கால்ல பாரம் வச்சு நிக்கிறபடியா இது அவனுக்குத்தான் கூடப் படும், ஷூட் பண்ண முதல் எட்டு வைக்கிற காலும் அதுவே. ஆனா நேர் முன்னுக்கு நிண்டு போட்டா ஒத்தைக் கால்ல நிக்கிற நேரம் அவன் உள்ள வருவான். இடது பாதத்தை வெளியே ஒரு எட்டு வச்சு, கோணத்தில இருந்து போடணும்.

பிடிபட்டா நேர் பின்னுக்குத் துள்ளக் கூடாது. பொடியன் செஞ்சது அதுதான், நாலு துள்ளலில கேஜ். பக்கமாச் சுத்தணும், ஒரு கை அவன்ட பிடரியில, முழங்காலை வெளிப்பக்கம் திருப்பிப் பாதத்தைக் கீழ தள்ளணும். இது ஒரு நாளைக்கு ரெண்டு பக்கமும் 20 தரம், 3 கிழமையில வந்திடும்.

கொட்டாஞ்சேனை கார்னர் | ஞாயிறு, பிற்பகல் 3.50

இதில நாங்கள் ஒத்துப்போறம். மிர்கோ குரோ கோப்பை விட நல்ல இடது கால் அந்தக் காலத்தில இல்லை, 2006 இல ஜப்பானின்ர பிரைட் எம்எம்ஏ ஷோவில ஓபன்வெயிட் (எடை வரம்பில்லாத போட்டி) வெண்டவர். 2007 இல யூஎஃப்சி-க்கு வந்து, ஏப்ரலில கொன்சாகாவோட மோதினார். கிக் பிடிபட்டது, விழுந்தார், கேஜோட ஒட்டிக் கிடந்து முழங்கை வாங்கினார். பிரைட்டில கயிறு கட்டின ரிங், தரையில தலைக்கு முழங்கையும் இல்லை. ரெஃப்ரி எழுப்பி விட்ட பிறகு, குரோ கோப்பின்ர பேர்போன அடியான ஹை கிக்கை (தலைக்கு உதை) கொன்சாகா போட்டு அவரையே விழுத்தினார். கீழ கிடந்து வாங்கின அடியும் சண்டையை முடிச்ச அடியும் வேற வேற இல்லை.

கையைப் பற்றியும் ஒண்டு. கே-1 கிளவ் எடைப்பிரிவைப் பொறுத்து 8 அல்லது 10 அவுன்ஸ், கிட்டத்தட்ட 230 அல்லது 280 கிராம். அதைக் கன்னத்தில ஒட்டி வச்சால் சுவர் மாதிரி. எம்எம்ஏ கிளவ் 4 அவுன்ஸ். அதே மாதிரிக் கையை வச்சால் குத்து இடையால நுழையும். முதல் ரவுண்டில அவன்ர இடது கண்ணுக்குக் கீழ வந்த வெட்டு அப்பிடி வந்தது. கையால தடுக்கிறதை விட்டுட்டு காலால தூரம் எடுக்கப் பழகோணும். கிழமையில ரெண்டு ஸ்பாரிங்காவது (பயிற்சிச் சண்டை) சின்னக் கிளவில, மெதுவா, தொடுற அளவுக்கு மட்டும்.

மருதானை ஹெவி பேக் | ஞாயிறு, மாலை 5.05

கேஜ் எங்க இருக்கு? பாதி ஜிம்மில சுவர்ல ஒரு மெத்தைதான் இருக்கு. அதுல செஞ்சது சண்டையில உதவுமா? ரெஸ்லருக்கு எங்க போறது?

தெமட்டகொடை மேட் | ஞாயிறு, மாலை 5.40

மெத்தைச் சுவர் பாதி உதவும். முதுகை வழுக்கிக்கொண்டு எழும்பப் பழகலாம். ஆனால் கம்பி வலை உள்ளே வளையும், முதுகுத் தோலைப் பிடிக்கும், எழும்பும்போது ரஷ்கார்ட் (இறுக்கமான பயிற்சிச் சட்டை) இல்லாத முதுகு சிராயும். அந்த எரிவு பழக்கமில்லாவிட்டால் நடுவில் நின்றுவிடுவார்கள். இன்னொன்று, வலை இருந்தால் விரல் தானாகவே போய்ப் பிடிக்கும். அது தவறு, புள்ளி குறையும். மெத்தைச் சுவரில் அந்தப் பழக்கம் தெரியவே வராது. கிழமையில் ஒரு நாளாவது உண்மையான வலையில் செய்ய வேண்டும்.

ஆட்களுக்குக் குறைவில்லை. இலங்கையில் ஃப்ரீஸ்டைல் உயிரோடு இருக்கிறது, 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் நெத்மி பொருத்தொட்டகே 57 கிலோவில் வெண்கலம் எடுத்தார். கழக மட்டத்து ரெஸ்லர்களைக் கேட்டால் வருவார்கள், போக்குவரத்துக் காசும் சாப்பாடும் கொடுத்து மரியாதையாகக் கூப்பிட வேண்டும். ஜூடோக்காரரும் நல்லவர்கள், ஆனால் அவர்கள் பிடிப்பது உடுப்பை. உடுப்பு இல்லாமல் அவர்களுடைய எறிதலில் பாதி வராது, அதைத் தடுத்துவிட்டு ரெஸ்லிங் தடுக்கத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது.

மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் படர்தாமரை ஒரு கிழமையில் முழு ஜிம்முக்கும் பரவும். வகுப்புக்கு முன்னும் பின்னும் துடைப்பது, முட்டி உரசலை மூடுவது, முடிந்ததும் அரை மணித்தியாலத்துக்குள் குளிப்பது. சிவப்பு வட்டம் தெரிந்தால் அன்றைக்கே மேட்டில் இருந்து இறங்கி மருத்துவரிடம் போக வேண்டும். 10 கிழமையில் 2 கிழமை இதில் போனால் மேலே எழுதிய ஒன்றுக்கும் நேரமிருக்காது.

பத்துக்கு ஒன்பது | ஞாயிறு, மாலை 6.15

எடை? சாதாரண நாளில் 67 கிலோ என்று அவனே சொல்லியிருக்கிறான். 61.2 என்றால் 5.8 கிலோ, ஏறக்குறைய 9 வீதம். அதைக் கடைசிக் கிழமையில் நீராக இறக்கினால் முதல் ரவுண்டிலேயே கால் கனக்கும். அடி வாங்கும் தலைக்கும் அது ஆபத்து.

பின்னங்கால் | ஞாயிறு, மாலை 6.30

10 கிழமை இருக்கிறதால அது சமாளிக்கலாம். சோத்தையும் சீனித் தேத்தண்ணியையும் குறைச்சு கிழமைக்கு 300, 400 கிராம் இறக்கினா 64க்கு வரும். மிச்சம் 3 கிலோவுக்கும் குறைவு. பெல்ட் இல்லாத சண்டைக்கு 1 இறாத்தல் சலுகையும் இருக்கு, 136 இறாத்தல், 61.7 கிலோ. ஆனா டொக்டர் ஒருத்தர் பார்க்காம நீர் இறக்க வேண்டாம், அதில நானும் உங்களோடதான்.

கொட்டாஞ்சேனை கார்னர் | ஞாயிறு, இரவு 8.20

எல்லாத்தையும் ரெண்டு தரம் வாசிச்சன். ஒரு வருசம் எண்டதில நான் இன்னும் நிக்கிறன். ரெஸ்லிங்கில அவன் சாம்பியனாக வேணும் எண்டு கேக்கேல்ல. விழுத்த வருவான் எண்ட பயத்தில கிக் நிக்கக் கூடாது எண்டுதான் கேக்கிறன். அந்தப் பயம் எழும்பத் தெரிஞ்சவனுக்குத்தான் போகும். அதுக்கு மேட் தங்கச்சி சொன்னதுதான் வழி, 10 கிழமையில அது வருமோ எண்டதுதான் எனக்குச் சந்தேகம்.

பதில் சொல்ல ஷோ 2 கிழமை தந்திருக்கு. அதுக்குள்ள சோதிச்சுப் பாப்பம். கையெழுத்துப் போட்டுட்டு ஆறாம் கிழமையில விலகுறது எதிராளிக்கும் துரோகம், இவன்ர பேருக்கும் கெடுதல். மூண்டு ரெஸ்லர், ஒவ்வொருத்தனோடயும் 5 நிமிச ரவுண்ட் ஒண்டு, இடையில 1 நிமிசம். ஒவ்வொரு ரவுண்டும் முதுகு கேஜில, டபுள் லெக் பிடிபட்ட நிலையில தொடக்கம். விழுந்தால் 30 செக்கனுக்குள்ள எழும்போணும், முதுகு குடுக்காம. 15 நிமிசத்தில மூண்டு தரத்துக்கு மேல 30 செக்கனைத் தாண்டினால் நான் மாட்டன் எண்டு எழுதுவன்.

பின்னங்கால் | ஞாயிறு, இரவு 8.35

ஒத்துக்கொள்றன். ஒண்டு மட்டும் சேருங்க அண்ணை. எழும்பின உடனே அவன் ஒரு கிக்காவது போடணும். எழும்பிக் கையை உயர்த்திக்கொண்டு பின்னுக்கு நடந்தா அது தோல்விதான், 5 செக்கனில எழும்பினாலும்.

தெமட்டகொடை மேட் | ஞாயிறு, இரவு 8.50

இன்றைக்கு அவனுக்குத் தெரிந்ததை இன்றைக்கே சோதித்தால் என்ன விடை வரும் என்பது வீடியோவிலேயே இருக்கிறது. முதல் 10 நாள் பயிற்சி, 11ஆம் நாள் சோதனை. காலை 6 மணிக்கு வைத்தால் வெயில் ஏறியிருக்காது. மின்விசிறி இரண்டும் மேட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னும் இரண்டு பேரும் உடம்பைத் துடைக்க வேண்டும், அவனுக்கு மட்டும் நாலு காய்ந்த துவாய் வேண்டும். நேரம் எடுக்க ஃபோன் இரண்டு: ஒன்று பக்கத்தில் இருந்து கால்களை, மற்றது மேலே இருந்து கைகளை எடுக்க. நாளைக்கு மாலை 5.30க்கு அவனை அனுப்புங்கள், ஷூ இல்லாமல், நகம் வெட்டி. முதல் நாள் குதிகாலை அகட்டுவது மட்டும்தான்.